டாக்டர் சொல்லாத ஒன்று

வாசகி கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் பகுதியைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். இதையெல்லாமா வெளியில் எழுதுவார்கள் என்று மற்றவர்களின் கடிதங்களைப் பார்த்து நினைத்தவள்தான் நான். இன்று நானே உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஃபேனில் இருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு வயது 49. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஊர். கூட்டுறவு கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். கணவருக்கு 54 வயது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி 26 வருடம் ஆகிறது. பெண்ணைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். பையன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேர்தான் இரண்டு, பேச்சு ஒன்றுகூட இல்லை.

மூன்று வருடமாகவே மாதவிடாய் ஒழுங்காக இல்லை. இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் படுத்தும். கடைசியாக வந்தது போன வருடம் சித்திரையில். இப்போது ஆனி. நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நின்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் போகும்போது என் தூக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு அனல் கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். எழுந்து உட்கார்வதற்குள் நைட்டி நனைந்துவிடும். மாற்றிக்கொண்டு, தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தால் ஐந்து நிமிடத்தில் குளிர் நடுக்கும். மறுபடி போர்வையைத் தேட வேண்டும்.

அதனால்தான் ஃபேனை ஐந்தில் வைப்பேன். அவருக்கு சைனஸ் தொந்தரவு. ஐந்தில் வைத்தால் விடியும்போது மூக்கடைத்துக்கொள்ளும். இரண்டில் வை என்பார். கொஞ்ச நாள் இரண்டுக்கும் ஐந்துக்கும் சண்டை நடந்தது. முந்தின வருடம் ஆடியில் ஒரு நாள் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனவர்தான், இன்று வரை அங்கேதான் படுக்கிறார். கட்டின பெண்டாட்டிக்கு உடம்பு எரிகிறது என்றால் கூட இருக்க வேண்டாமா? மூக்கு பெரிதா, நான் பெரிதா?

சங்கத்தில் நகைக்கடன் கவுண்டர் என்னுடையது. போன மாதம் ஒரு அம்மாவின் சங்கிலியை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அனல் வந்துவிட்டது. நெற்றி வேர்வை சொட்டி, பேரேட்டில் நான் எழுதிய எண் கரைந்துவிட்டது. “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்று அந்த அம்மா கேட்டார். முன்பின் தெரியாதவர். அவருக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், “உனக்கு என்ன செய்கிறது?” என்று அவர் கேட்டதில்லை.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் ரசத்தில் உப்பில்லை என்றார். அவ்வளவுதான். கையில் இருந்த டம்ளரை எறிந்துவிட்டேன். சுவரில் பட்டு நசுங்கியது. இந்த 26 வருடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்த் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தினமும் கடையில் இருந்து வரும்போது ஒரு இளநீர் வாங்கி வருகிறார். சீவி, சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ‘குடி’ என்று ஒரு சொல் கிடையாது. மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுவதுபோல. சிலிண்டரை நகர்த்தப் போனால் வந்து பிடுங்கிக்கொள்கிறார். குடம் தூக்கக் கூடாதாம். நான் என்ன கிழவியாகிவிட்டேனா? நின்றுபோனால் இவள் கதை முடிந்தது என்று அவரே தீர்மானித்துவிட்டார் போல.

என்னோடு உட்கார்ந்து பேச நேரமில்லாத மனிதருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக மட்டும் நேரம் இருக்கிறது. அவர் சாமி கும்பிடுகிற ஆளே கிடையாது. ஆயுத பூஜைக்குக்கூடக் கடையில் நான்தான் போய்ப் பொட்டு வைப்பேன். இப்போது என்னடா என்றால் செவ்வாய்க்கிழமை கறி, மீன் தொடுவதில்லை. கேட்டால் ‘சும்மாதான்’ என்கிறார்.

என் மாமியார் 2009-ல் கர்ப்பப்பைப் புற்றுநோயில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். மூத்திரப் பை மாற்றியது முதல் எல்லாம் நான்தான். அவர் அம்மாவை நான் பார்த்தேன். என்னை அவர் என்ன பார்த்தார்? மூக்கடைப்புக்குப் பயந்து ஹாலில் போய்ப் படுத்ததுதான் மிச்சம்.

என் அக்கா, “கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுவிடு, எல்லாத் தொந்தரவும் போய்விடும்” என்கிறாள். அவள் எடுத்துவிட்டாள். அதையும் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பெரிய விஷயம் இல்லை. அந்தரங்கம். மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கிய நாளில் இருந்தே கணவரோடு சேரும்போது எனக்கு வலி. உள்ளே உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல இருக்கும். ஒரு முறை லேசாக ரத்தமும் பட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கால்சியம் மாத்திரைக்காக ஒரு டாக்டரம்மாவிடம் போய் வந்தேன், ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். அன்றைக்கு, “இனி அதெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்” என்று அவரிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்காரர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘சரி’ என்றார். அந்த விஷயத்தில் நல்ல மனிதர்தான், அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. எனக்கும் இப்போது அந்த நினைப்பே வருவதில்லை. ஒரு விதத்தில் நிம்மதி. விடியற்காலையில் ஹாலில் அவர் இருமுவது கேட்கும்போது மட்டும் என்னவோபோல இருக்கும். அது போகட்டும்.

நான் கேட்க வந்தது இதுதான். மெனோபாஸ் என்றால் என்ன என்று ஒரு ஆணுக்கு எப்படிப் புரியவைப்பது? ஃபேன் வேகம் என் கொழுப்பு இல்லை, என் உடம்பு என்று அவருக்கு யார் சொல்வது? நீங்கள் எழுதினால், அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், பொள்ளாச்சி வட்டம்


ஆலோசகர் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது உங்கள் கணவர் மேல் எனக்கும் கோபம் வந்தது. மாட்டுத் தொட்டி உவமை அப்படி. இரண்டாம் முறை படிக்கையில் ‘இது பெரிய விஷயம் இல்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு அங்கிருந்து தொடங்கி மேலே மேலே படித்துப் போனேன். அது வேறு கடிதமாக இருந்தது.

ஃபேனால் அவர் ஹாலுக்குப் போனார் என்கிறீர்கள். எப்போது போனார்? முந்தின வருடம் ஆடியில். டாக்டர் வேண்டாம் என்றதாக நீங்கள் சொன்னது எப்போது? ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். இந்த இரண்டு தேதிகளையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஃபேன் சண்டை அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் அவர் மூக்கடைப்போடு உங்கள் பக்கத்தில்தான் படுத்திருந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டு ஓட்டைத் தூக்குகிற ஆடி மாதத்தில், உங்கள் ஊரில் ஃபேனுக்காக ஒருவர் பாயைச் சுருட்டினார் என்றால் நான் நம்ப மாட்டேன். தூக்கத்தில் கை தவறியாவது உங்கள் மேல் பட்டுவிடுமோ என்று பயந்து போயிருக்கிறார். பாயை எடுத்துக் கொடுத்தது நீங்கள்.

அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2009-ஆம் வருடத்து ஆறு மாதங்களை நீங்கள் செய்த பணிவிடையாக நினைவு வைத்திருக்கிறீர்கள். அதில் தவறில்லை, செய்தவர் நீங்கள். அவருக்கு அது அம்மா போன விதம். அப்படி ஒருவரிடம், டாக்டரிடம் போய் வந்த சாயங்காலம், ‘இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்’ என்று ஒரு பெண் சொன்னால் அவர் என்ன புரிந்துகொள்வார்? என்ன வியாதி என்று கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் விட்டிருக்கிறார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார் என்று எழுதினீர்களே, அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் எதைத் தேடினார் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது மற்றதையும் பாருங்கள். குடம் தூக்கக் கூடாது. சிலிண்டர் தொடக் கூடாது. தினம் ஒரு இளநீர். டம்ளரை எறிந்தால் பதில் பேசாமல் தரையைத் துடைப்பது. இதெல்லாம் கிழவிக்குச் செய்வதா, நோயாளிக்குச் செய்வதா? மாசாணியம்மனிடம் நியாயம் கேட்டு மிளகாய் அரைக்கப் போகிறவர்கள் உண்டு, பெண்களின் வயிற்று நோவுக்கு வேண்டிக்கொள்ளப் போகிறவர்களும் உண்டு. ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கே பொட்டு வைக்காத மனிதர் வாராவாரம் அங்கே போய் என்ன கேட்கிறார்?

எனக்கு அவரைத் தெரியாது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். கூட்டாளிகளோடு போய் வடை தின்றுவிட்டு வருகிறாராகவும் இருக்கலாம். ஆனால் வடைக்குப் போகிறவர் கறியை விட மாட்டார்.

எனவே, தங்கையே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வழக்கில் நான் பெரும்பாலும் அவர் பக்கம். அவரும் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும்தான். எந்த டாக்டர், என்ன சொன்னார், நானும் வருகிறேன் என்று ஒரு கணவர் கேட்க வேண்டும். அவர் எனக்குக் கடிதம் எழுதினால் அவரையும் திட்டுவேன். எழுதியது நீங்கள்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கும் நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் பெரியவளானதை உங்கள் அப்பாவிடம் யார் சொன்னார்கள்? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். அம்மா பாட்டியிடம் சொல்லி, பாட்டி அப்பாவிடம் சொல்லி, கடைசியில் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து ஊருக்கே சொல்லியிருப்பார். மாதாமாதம் நீங்கள் சாமி விளக்கை ஏற்றாமல் விட்டதை வைத்து வீட்டில் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் உண்டானதைக்கூட மாமியார் முந்திக்கொண்டு மகனிடம் சொல்லியிருப்பார். உங்கள் உடம்பைப் பற்றிய ஒரு சேதியை உங்கள் வாயால் சொல்லி உங்களுக்குப் பழக்கமே இல்லை. எப்போதும் யாராவது தூது. இந்த முறை தூது போக வீட்டில் ஆளில்லை, அதனால் ஒரு டாக்டரை நீங்களே உண்டாக்கிக்கொண்டீர்கள். அடுத்த தூதாக என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில். நான் வர மாட்டேன்.

அந்த இல்லாத டாக்டர் உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாக நிறுத்திவிட்டார் என்பதுதான் சங்கடம். உங்களுக்கு வேண்டியிருந்தது வலி நிற்பது. நின்றது பக்கத்தில் படுப்பது, தலையைத் தொட்டுப் பார்ப்பது, ரசத்தில் உப்பில்லை என்றால் பதிலுக்கு இரண்டு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொள்வது. அந்த நினைப்பே வருவதில்லை, நிம்மதி என்கிறீர்கள். இருக்கலாம். வலிக்கும் என்று தெரிந்த இடத்துக்கு மனம் தானாகப் போகாது. ஆசை அடங்கிவிட்டதா, வலிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறதா என்பது வலி போன பிறகுதான் உங்களுக்கே தெரியும். வலி போன பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. 49 வயதில் மட்டுமல்ல, 29 வயதிலும் உண்டு. ஆனால் அது உங்கள் வாயில் இருந்து வர வேண்டும். மற்றபடி, இருமல் சத்தம் கேட்டு ‘என்னவோபோல’ இருக்கும் பெண் முழு நிம்மதியில் இருக்கிறாள் என்று நான் நம்பவில்லை.

அந்த வலிக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து, ஈரம் வற்றிப்போகிறது. உப்புத்தாள் என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான வார்த்தை. அனல் அடிப்பது பலருக்குச் சில வருடங்களிலோ ஏழெட்டு வருடத்திலோ, சிலருக்கு அதற்கும் மேல் கழித்தோ, தானாகத் தணியும். இந்த வறட்சி பெரும்பாலும் தானாகத் தணியாது, விட்டால் கூடும். ஆனால் மெனோபாஸ் கொண்டுவரும் தொந்தரவுகளில் வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான். சிலருக்கு மருந்துக் கடையில் கிடைக்கும், தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல்லே போதும். போதாவிட்டால் மகப்பேறு மருத்துவர் உள்ளே தடவிக்கொள்ள ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதிக் கொடுப்பார். குறைந்த அளவு மருந்து, பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும், ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். ஒரு டியூப் களிம்பு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு வருடமாக ஒரு பாய் கிடக்கிறது.

ரத்தம் பட்டது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள். தாவாதீர்கள். மெலிந்த தோல் உராய்ந்து வந்ததாகத்தான் அநேகமாக இருக்கும். ஆனால் உறவின்போது ரத்தம் வந்தால் எந்த வயதிலும் டாக்டர் பார்த்தாக வேண்டும், ‘அநேகமாக’ என்று நான் எழுதுவது போதாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முதல்கட்டப் பரிசோதனையை 30 வயது தாண்டிய பெண்களுக்கு நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிட வேலை. இன்னொன்று: பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. உங்களுக்குப் பதினான்கு ஆகிவிட்டது. இனி ஒரு சொட்டு பட்டாலும் ‘மறுபடி வந்துவிட்டது போல’ என்று இருந்துவிடாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

அக்காவின் யோசனையை விட்டுவிடுங்கள். கர்ப்பப்பையை எடுப்பதால் அனல் நிற்காது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், மெல்ல மெல்ல வருகிற மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்கும். அக்காவுக்கு வேறு காரணம் இருந்திருக்கும். அனல் தாங்க முடியவில்லை என்றால் ஹார்மோன் மாத்திரை உண்டு. 2002-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானதில் உலகம் முழுக்கப் பெண்கள் அதைக் கண்டு மிரண்டார்கள். பிறகு அதே ஆய்வைத் திரும்பத் திரும்ப அலசியதில், 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாதவர்களுக்கும் பெரும்பாலும் தீமையைவிட நன்மையே அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள் போன்ற சிலருக்கு ஆகாது. ஆகுமா ஆகாதா என்று டாக்டர் சொல்லட்டும். இந்த முறை நிஜமாகவே. தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இதேபோல வேர்க்கவைக்கும்.

மெனோபாஸை ஒரு ஆணுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். எல்லா ஆண்களுக்கும் பொதுவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. மோட்டார் கட்டுகிறவருக்குச் சொல்லலாம். ஓவர்லோடு ரிலே என்று ஒன்று அவர் கடையில் இருக்கும். மோட்டார் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் செட்டிங்கை மிகவும் குறைத்து வைத்துவிட்டால் என்ன ஆகும்? மோட்டார் நன்றாக இருந்தும் சாதாரண லோடுக்கே டிரிப் ஆகும். தோட்டக்காரர் மோட்டார் போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார், உங்கள் கணவர் பார்த்துவிட்டு மோட்டாரில் ஒன்றுமில்லை, செட்டிங்கைப் பார் என்பார். நம் மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, ஹைப்போதலாமஸ் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அதன் செட்டிங் சுருங்கிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத ஒரு துளிச் சூட்டுக்கே, ஐயோ உடம்பு கொதிக்கிறது என்று முடிவு கட்டி, தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வேர்வையைக் கொட்டவைக்கிறது. கொட்டியதும் உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்து, நடுங்குகிறது. போர்வையைத் தேடுகிறீர்கள். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்கு நாலைந்து வருடம் முன்பே இந்த ரிலே தகராறு தொடங்கிவிடும். இதை அவரிடம் சொன்னால் என்னைவிட நன்றாக அவரே உங்களுக்கு விளக்குவார் பாருங்கள்.

டம்ளரை மட்டும் ரிலே மேல் முழுக்கப் போடாதீர்கள். இரண்டு மணிக்கு விழிக்கிற யாருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், அது பாதி. அவர் அவ்வளவு பதமாக நடந்துகொள்வதைப் பார்க்கப் பார்க்க உங்களுக்கு எரிந்திருக்கிறது, அது மீதி. திட்டியிருந்தால் நிம்மதி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

ஆனால் ரிலே பாடம் இரண்டாவது. முதலில் பொய். அதை வீட்டில் வைத்து, எதிர் எதிரே உட்கார்ந்து சொல்ல உங்களுக்கு வராது. வரும் செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நானும் கோயிலுக்கு வருகிறேன் என்று வண்டியின் பின்னால் ஏறி உட்காருங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு வண்டியின் பின்சீட்டைப் போல ஒரு இடம் கிடையாது, என் அனுபவத்தில் சொல்கிறேன். ஆனைமலைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்பு நிழல் பார்த்து நிறுத்தச் சொல்லி, நாலே வாக்கியம் சொன்னால் போதும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எனக்கு வலித்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர் முகம் மாறுவதைப் பார்த்து, ஆறுதலாக ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் எந்த டாக்டரும் இன்னும் சொல்லாத ஒன்று. ‘பரிசோதனைக்குப் போக வேண்டும், நீங்களும் வாருங்கள்’ என்று சொல்லுங்கள். அறைக்குள்ளும் அவரை அழைத்துப் போங்கள். வெளியில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து, டாக்டர் இப்படிச் சொன்னார் என்று மறுபடி சொல்ல வேண்டாம்.

கோபப்படுவாரா? படலாம். இரண்டு வருடம் ஒருவரைப் பயத்தில் படுக்கவைத்துவிட்டு, உடனே சிரி என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். கோயிலுக்குப் போவதை நிறுத்தலாம், நிறுத்தாமலும் இருக்கலாம். டம்ளர்களை எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

ஃபேன் விஷயத்தை மறக்கவில்லை. மேலே இருக்கும் ஃபேன் இரண்டிலேயே ஓடட்டும். உங்கள் தலைமாட்டில், உங்கள் பக்கம் மட்டும் திரும்பிய ஒரு டேபிள் ஃபேன் போதும். புதிதாக வாங்க வேண்டாம், அவரைக் கேளுங்கள். காயில் கட்டக் கொடுத்துவிட்டு யாரும் வந்து வாங்காமல் போன நாலைந்து ஃபேன்களாவது அந்தக் கடை அட்டத்தில் கிடக்கும்.